நல்லமிளகுக் கொடி தேடிய மூன்று மழைக்காலம்

எங்கள் பக்கத்துக் கடையில் மிளகு என்று மட்டும் கேட்டால் வத்தல் மிளகாயை அள்ளிப் போட்டுவிடுவார்கள். கறுப்பாக, உருண்டையாக, ரசத்துக்குப் போடுவது வேண்டுமானால் நல்லமிளகு என்று சொல்ல வேண்டும். அந்த நல்லமிளகுதான் இங்கே விஷயம். குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் நடுவில் எங்களுக்கு அறுபது சென்ட் விளை இருக்கிறது. தென்னை, கமுகு, நாலு அயனி, கொஞ்சம் பலா. அதில் 2014இல் 42 நல்லமிளகுக் கொடி வைத்தேன். எல்லாமே பன்னியூர்-1 ரகம், ஒரே நர்சரியில் வாங்கியது. 2021 கார்த்திகை முடிவதற்குள் அதில் 33 கொடி செத்துப்போயிற்று.

சாவும் நிதானமாக வரவில்லை. அந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் மாவட்டத்தில் பெய்த மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முதலில் கீழ் இலைகளில் கரும்புள்ளி வந்தது. புள்ளியின் ஓரம் நூல் பிரிந்த துணி மாதிரி பிசிறடித்துப் பரவியது. அடுத்த வாரம் தண்டு மண்ணைத் தொடும் இடம் ஊறிக் கறுத்தது. நகத்தால் சுரண்டினால் தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, ஒரு கெட்ட வாடையும். அப்புறம் இலை உதிர்ந்தது, கிளைகள் கணுக்கணுவாகக் கழன்று விழுந்தன. துரித வாடல் என்பது இதுதான். பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரின் வேலை. தண்ணீரில் நீந்தும் வித்துகள் அதற்கு உண்டு. மழைத்துளி தெறிக்கிற தெறிப்பிலும் மண்ணில் ஓடுகிற நீரிலும் அடுத்த கொடிக்குப் போய்விடும். ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாமழை என்று வருஷத்துக்கு இரண்டு மழை நமக்கு. அதற்கும் இரண்டு வாய்ப்பு.

போர்டோ கலவை தெளித்தீர்களா என்று கேட்பீர்கள். தெளித்தேன், ஆனால் தாமதமாக. மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை அடித்திருக்க வேண்டும். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ துருசு (மயில்துத்தம்), ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்பு. துருசுக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. தீட்டின இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் கோட்டைவிட்டேன்.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. நல்லமிளகு நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை, தண்டை வெட்டி நடுகிறோம். அப்படியானால் என் 42 கொடியும் உண்மையில் ஒரே கொடி. ஒரே செடி 42 மரத்தில் ஏறி நின்றது. அதற்கு எது ஆகாதோ அது 42க்கும் ஆகாது.

பிழைத்த ஒன்பதுபோக, கிணற்றடி அயனியில் ஒரு கிழட்டுக் கொடி நின்றது. பாட்டா வைத்தது. சின்ன இலை, மணி பிடித்துத் தொங்கும் திரியும் சின்னது, அடர்ந்த நிழலிலும் காய்க்கும். யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. இலையில் ரெண்டு புள்ளி வந்ததோடு சரி, கொடி அசையவில்லை. இதே மாதிரி இன்னும் இரண்டு கொடி எங்கள் விளையில் இருந்தன. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகிப் புயல் அடித்தபோது அவை ஏறி நின்ற இரண்டு அயனியும் சாய்ந்தன. தடியை விற்றேன். கொடியை வெட்டிக் கூட்டி தீ வைத்தேன். அப்போது ஒரு முழம் தண்டு எடுத்து நட எனக்குத் தோன்றவில்லை.

அதனால் 2022 தையில் ஒரு நோட்டு வாங்கினேன். சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகளில் நிற்கிற கொடிகளில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து என் விளையில் வைப்பது என்று முடிவு செய்தேன். என்ன ரகம் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் உயிரோடு இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றடிக் கொடி பிழைத்ததால் அது வாடலைத் தாங்கும் ரகம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இடம் கொஞ்சம் மேடு, தண்ணீர் நிற்காது. தப்பியது வேறு, தாங்குவது வேறு. அதைச் சோதித்துச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். கோழிக்கோட்டு இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட தேவம், சக்தி என்ற இரண்டு ரகமும் அப்படிச் சோதித்து எடுத்தவை. தேவம், தேவன்முண்டி என்ற நாட்டுக் கொடியிலிருந்து தேர்ந்தெடுத்தது. சக்தி, பேராம்பிரமுண்டியின் விதை நாற்று. இரண்டுமே யாரோ ஒருவர் விளையில் பேரோடு நின்ற கொடிகளின் வழி வந்தவை.

மாசி, 2022: எடுத்தது

திற்பரப்பு, களியல், கடையாலுமூடு, சுருளகோடு பக்கம் என்று 27 வீடு ஏறி இறங்கினேன். கொடி கிடைத்தது 18 வீட்டில். மீதி ஒன்பது வீட்டில் "அது போச்சு மக்களே" என்ற பதில்தான். போன காரணம் ஒவ்வொன்றாக எழுதிவைத்தேன். சில வீட்டில் ரப்பர் வைப்பதற்காக மரம் எல்லாம் வெட்டினார்கள். ஓரிரு வீட்டில் ஓகி. மூன்று வீட்டில் முருக்கு மரம் பட்டது. 2005ஐ ஒட்டி இந்தப் பக்கம் முருக்கில் முடிச்சுக் குளவி பிடித்ததே, இலையும் தண்டும் வீங்கி மரமே பட்டுப்போகும், அதில் தாங்குமரம் போய்க் கொடியும் போயிருக்கிறது. ஒரு வீட்டில் மதில் கட்டினார்கள். கொடி தானாகச் செத்தது என்று சொன்னவர்கள் இரண்டு பேர்தான்.

பேர் கேட்டால் அது ஒரு தனிக் கூத்து. மூன்று வீட்டில் கரிமுண்டா என்றார்கள். மூன்றும் மூன்று மாதிரி. ஒன்றின் திரி என் சுண்டுவிரல் நீளம், இன்னொன்று அதில் ஒன்றரை மடங்கு, மூன்றாவதன் இலை வெற்றிலை மாதிரி அகலம். கேரளத்தில் அதிகம் பரவிய நாட்டு ரகம் கரிமுண்டா என்பதால், பேர் தெரியாவிட்டால் எல்லோரும் அந்தப் பேரைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. கரிமுண்டா என்பதே ஒரு கொடி இல்லை, ஒரு கூட்டம். அதற்குள்ளேயே நல்லதும் சுமாரும் உண்டு. ஸ்ரீகரா, சுபகரா என்ற இரண்டு ரகமும் அந்தக் கூட்டத்திலிருந்து பொறுக்கியவை. ஒரு பெரியவர் மட்டும் குதிரைவாலி என்று சொல்லி ஒரு நீளத் திரியைக் காட்டினார். நாராயக்கொடி ஒரு வீட்டில். மீதிப் பேருக்கு, "அது பலாமூட்டுக் கொடி", "அது அம்மைக்க வீட்டில இருந்து கொண்டுவந்தது." சரி, அதையே எழுதிக்கொண்டேன்.

ஓடுகொடிதான் எடுக்க வேண்டும். கொடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும் தண்டு. மேலே தொங்கும் கொடியையும் நடலாம், ஆனால் காய்க்க நாளாகும். பக்கவாட்டில் போய்க் காய்க்கிற கிளை ஏறாது, அதன் கதை பின்னால் வருகிறது. ஓடுகொடி மண்ணில் வேர் பிடித்துக் கிடந்தால் அதோடு அந்த விளையின் நோயும் வரும். அதனால் முன்கூட்டியே சொல்லிவைத்து, தண்டை ஒரு கம்பில் சுருட்டிக் கட்டவைத்திருக்க வேண்டும். நான் நேரே போய் வெட்டினேன். பாதி வீட்டில் மண்ணோடு ஒட்டிக்கிடந்த தண்டுதான் கிடைத்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, நுனியில் இளசாக இருக்கும் பாகமும் அடியில் முற்றிய பாகமும் கழித்து, நடுப்பாகத்தை இரண்டு மூன்று கணு வருகிற மாதிரி வெட்டினேன். இலையைக் கிள்ளி, காம்பை மட்டும் விட வேண்டும். கீழ்க் கணு மண்ணுக்குள், மேல் கணு வெளியே. மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, உலர்ந்த சாணிப்பொடி ஒன்று. பையின் அடியில் துளை. தென்னந்தடுக்கு வேய்ந்த பந்தல்.

18 வீட்டுக்கும் வீட்டுக்கு எட்டுப் பை. 144 பை வரிசையாக நின்றதைப் பார்த்தபோது பெரிய வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சித்திரை: அழுகியது

விஷுவுக்குள் 60 பை அழுகிவிட்டது. காரணம் நான்தான். கலவை மண்ணை எடுத்தது, கொடி செத்த அதே விளையிலிருந்து. எந்த மண்ணில் 33 கொடி அழுகியதோ அதே மண்ணைப் பையில் நிரப்பி, காலையும் மாலையும் வெள்ளம் ஊற்றியிருக்கிறேன். பையைக் கிழித்துப் பார்த்தால் கீழ்க் கணு கறுத்துக் கூழாகியிருந்தது.

மூன்று வீட்டுக் கொடி முழுவதும் போயிற்று. இரண்டை மறுபடி போய் எடுத்துவிட்டேன். மூன்றாவதை எடுக்கப் போனபோது அந்த வீட்டில் மரம் வெட்டியிருந்தார்கள். நோட்டில் அது எண் 7. சுருளகோடு, உருண்ட இலை, நீளக் காம்பு. அந்த ஒரு வரிதான் மிச்சம்.

அடுத்த தடவை புது மண் வாங்கி, நனைத்து, அரையடி உயரத்துக்குப் பரப்பி, கண்ணாடி மாதிரித் தெளிந்த பாலித்தீன் ஷீட்டால் மூடி ஓரமெல்லாம் மண்ணணைத்து, நல்ல வெயிலில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தேன். ஷீட்டுக்குள் கை விட்டால் சுட்டது. அதன்பிறகு ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கலந்து பை நிரப்பினேன். தண்ணீர் பூவாளியில் ஒரு நேரம் மட்டும். இந்த முறை அழுகியது ஒற்றை எண்ணிக்கையில் நின்றது. புதிதாக வரும் பைகளை மற்றதோடு சேர்க்காமல் வீட்டுக்குக் கிழக்கே இரண்டு மாதம் தனியாக வைப்பதும் அப்போதிருந்துதான். இலை சுருங்கி, மஞ்சள் திட்டோடு, கணு இடைவெளி குறுகி வருகிற பையைத் தூக்கி எறிந்துவிடுவேன். அது நச்சுயிரி. மருந்து கிடையாது, தண்டு வழியாகவே தலைமுறை தலைமுறையாகப் போகும்.

இடவப்பாதி, 2022: இலையும் திரியும்

நட்டது போக மிஞ்சிய நேரத்தில் அளக்க ஆரம்பித்தேன். தாய்க்கொடியில் காய்க்கும் கிளைகளில் பத்து முற்றிய இலை: நீளம், அகலம், அடிப்பக்கம் இரண்டும் சமமா, ஒருபக்கம் ஏறியதா. தளிர் நுனியின் நிறம், வெளுப்பா ஊதாவா. பத்துத் திரி: நீளம், மணி எண்ணிக்கை, இடைவெளி, நேராகத் தொங்குகிறதா முறுக்கிக்கொள்கிறதா. பறித்த பிறகு நூறு மணியின் எடை, ஒரு கிலோ பச்சை காய்ந்தால் எத்தனை கிராம். என் கிணற்றடிக் கொடி ஒரு கிலோவுக்கு 350 கிராம் தந்தது. ஒரு வீட்டுப் பெரிய மணி 290தான் தந்தது, பார்வைக்குத்தான் தடி.

இதில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன், எனக்கே பெருமை. ஏறுகொடி திரி விட மூன்று வருஷம் ஆகும். காய்க்கும் பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்கவைத்தால் அது ஏறாது, குத்துச்செடியாகவே நிற்கும். குற்றிமிளகு என்று சட்டியில் விற்கிறார்களே, அதுதான். ஆனால் அது அந்த வருஷமே திரி விடும். எல்லா வீட்டுக் கொடியிலும் ஒரு பக்கக் கிளையைச் சட்டியில் வைத்தால், ஒரே வெயிலில், ஒரே மண்ணில், ஒரே உயரத்தில் பதினேழு விதத் திரியை வாசலிலேயே வரிசையாகப் பார்க்கலாம். நிழலில் நின்றதால் இலை பெரிது, எருக்குழி பக்கம் நின்றதால் மணி தடி என்ற குழப்பமெல்லாம் பெரும்பாலும் ஒழிந்துவிடும். வேர் பிடிப்பதுதான் கஷ்டம். வேர்விடும் மருந்துப்பொடி தொட்டு, பாலித்தீன் கூடாரத்தில் வைத்தும் பத்துக்கு மூன்றுதான் வந்தது. விடாமல் வைத்துக்கொண்டே இருந்தேன்.

சட்டிகள் திரி விட்டபோது தெரிந்தது: நான் இரண்டு ஊரில் இரண்டு பேரில் எடுத்த எண் 4ம் எண் 15ம் ஒன்றேதான் போலிருக்கிறது. இலை, திரி, நுனி நிறம், காய்ந்த எடை எதிலும் வித்தியாசம் பிடிக்க முடியவில்லை. மரபணுவைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

எண் 11

கடையாலுமூட்டைத் தாண்டி ஒரு வீடு. பாட்டி மட்டும்தான் இருக்கிறார். மகன் வளைகுடாவில். முற்றத்துப் பலாவில் ஒரு கொடி, இலை அடர்ந்து உச்சிவரை. ஆனால் காய் இல்லை. திரி விடுகிறது, நாலைந்து மணி பிடிக்கிறது, மீதி வெறும் ஈர்க்கு மாதிரித் தொங்கி உதிர்கிறது. "இத எதுக்கு மக்களே எடுக்கிய, இது மலடு" என்றார். பை நிரப்பும் அலுப்பில் நானும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் தேயிலை போட்டுத் தந்துவிட்டதால், மரியாதைக்கு எட்டுத் துண்டு வெட்டினேன்.

ஜூனில் பூக்கிற நேரத்தில் லென்ஸோடு திரும்பப் போனேன். பத்து மடங்கு காட்டும் சின்ன லென்ஸ், நகைக்கடையில் வைத்திருப்பார்களே அது. நல்லமிளகுப் பூ என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரி முழுக்கப் பச்சைப் புள்ளி, அவ்வளவுதான். லென்ஸில் ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் வெள்ளையாக, நட்சத்திரம் மாதிரி விரிந்த சூல்முடி. நாம் வளர்க்கும் கொடிகளில் பெரும்பாலும் அதன் இரண்டு பக்கமும் கடுகைவிடச் சிறிய மகரந்தப் பை ஒவ்வொன்று இருக்கும். எண் 11இல் திரிக்குத் திரி தேடினேன். ஒன்றுகூட இல்லை. கொடி மலடு இல்லை, பெண்.

காட்டில் தானாக வளரும் நல்லமிளகில் பெரும்பாலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஒரே பூவில் இரண்டும் இருக்கிற கொடிகளைத்தான் மனிதர்கள் காலங்காலமாகப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அதுதான் தனியாக நின்றாலும் காய்க்கும். இப்படி ஒரு பெண் கொடி எப்படி இந்த முற்றத்தில் நிற்கிறது என்று பாட்டியிடம் கேட்டேன். முன்னால் நன்றாகக் காய்க்கும் என்றார். எப்போது நின்றது? கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதே பலாவில இன்னொரு கொடி உண்டும். அது வாடிப் போன பொறவு இதும் காய்க்கல" என்றார். இரண்டு கொடியும் பின்னிக்கிடந்திருக்கின்றன. மழைத்தண்ணீர் மேல் திரியிலிருந்து கீழ்த் திரிக்கு வழியும்போது மகரந்தமும் வழிந்திருக்கிறது. துணை போனதும் காய்ப்பும் போய்விட்டது.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தது ஒரு குஷியில். காரணம் உண்டு. கண்ணூர் மாவட்டம் தளிப்பறம்பு பக்கம் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி 1971இல் வெளியிட்ட பன்னியூர்-1, உலகத்திலேயே முதல் கலப்பின நல்லமிளகு. அதன் தகப்பன் செறியகாணியக்காடன். தாய் உதிரன்கொட்டா. பேரிலேயே இருக்கிறது, உதிர்ந்து போவது. பெரும்பாலும் பெண் பூ, மணி சரியாகப் பிடிக்காது, விவசாயி பிடுங்கிப் போட்டிருக்க வேண்டிய கொடி. அதை யாரோ ஒருவர் பிடுங்காமல் விட்டதால்தான் என் 42 கொடியும் பிறந்தன. (செத்ததற்கு உதிரன்கொட்டாவைக் குறை சொல்லக் கூடாது.) கலப்பு செய்கிறவருக்கு அது வசதியான தாய். மகரந்தப் பையைக் கிள்ளி எடுக்கும் பாடு குறைவு.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. 2023 ஜூனில் பாட்டி வீட்டுக் கொடியில் சூல்முடி விரியுமுன் ஆறு திரிக்கு பட்டர் பேப்பர் உறை போட்டேன். கிணற்றடிக் கொடியில் மகரந்தப் பை வெடித்த திரி நாலைந்து பறித்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் உதறி, அந்தத் தண்ணீரைச் சின்ன பெயின்ட் பிரஷால் சூல்முடி விரிந்த திரியில் தடவினேன். இரண்டு நாளுக்கு ஒரு தடவை, நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் கடையாலுமூடு பஸ், குடை, பாட்டியின் தேயிலை. இரண்டு உறை மழையில் கிழிந்தது. ஒரு திரியை அணில் கொண்டுபோயிற்று. மீதி மூன்றில் தையில் 23 மணி பழுத்தது. உறை போடாமல் விட்டிருந்த பக்கத்துத் திரிகளில் எப்போதும் போல நாலும் ஐந்தும்.

நல்லமிளகு விதையைக் காயவைத்து டப்பாவில் பத்திரப்படுத்த முடியாது என்பதை நான் ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனுக்கென்று முந்தின வருஷம் ஒரு கைப்பிடி எடுத்துவைத்து, அவன் மூன்று மாதம் கழித்து வந்து வாங்கிப்போய், ஒன்றுகூட முளைக்கவில்லை. நெல், உளுந்து மாதிரி இல்லை. காய்ந்தால் கரு செத்துவிடும். ஆகவே இந்த 23ஐயும் தோல் பிசைந்து கழுவி, அன்றைக்கே மணலில் போட்டேன். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. நாற்பதாம் நாள் மூன்று, அப்புறம் ஒவ்வொன்றாக, மொத்தம் 14. இப்போது நாலைந்து இலை. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தும் ஒன்றின் இலை நீளம், ஒன்றின் இலை உருண்டை, ஒன்று தளிரிலேயே ஊதா. இவை காய்க்கப் பல வருஷம் ஆகும், காய்த்தாலும் பெரும்பாலானவை தேறாது. ஆராய்ச்சி நிலையத்தில் நூற்றுக்கணக்கில் வளர்த்துத்தான் ஒன்றைப் பொறுக்குவார்கள். 14இல் எனக்கு என்ன கிடைக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

விட்டதும் தொட்டதும்

பிரேசில் திப்பலி என்று சொல்கிற கொலுப்ரினம் செடியின் மேல் ஒட்டுக் கட்டியும் பார்த்தேன். அது தென்னமெரிக்காவின் சதுப்புநிலச் செடி, வாடல் அதை ஒன்றும் செய்யாது. பத்து ஒட்டில் நாலு பிடித்தது. அதில் இரண்டு அடுத்த மாசி வெயிலில் காய்ந்தது, அதற்கு வருஷம் முழுக்க ஈரம் வேண்டும். மூன்றாவதில் ஒட்டின கொடியின் கணு தாழ்ந்து மண்ணைத் தொட்டு, சொந்த வேர் விட்டுவிட்டது. அப்புறம் அடியில் என்ன செடி இருந்து என்ன பயன்? வாய்க்கால் ஓரத்தில் வைத்த ஒன்று மட்டும் நிற்கிறது. சானல் ஓரம் விளை உள்ளவர்களுக்கு இது சரிப்படலாம். எனக்கு வேண்டாம்.

காட்டுக் கொடி தேடிப் போகவில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் நிச்சயம் நிற்கும், ஆனால் அது வனவிலங்குச் சரணாலயம், அனுமதி இல்லாமல் ஒரு இலை எடுக்கக்கூடாது. காட்டில் நிற்பது காட்டிலேயே நிற்கட்டும், அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. முற்றத்துப் பலாவில் நிற்பதற்குத்தான் ஒரு பாதுகாப்பும் இல்லை.

கோழிக்கோட்டு நிறுவனம் பெருவண்ணாமூழி தோட்டத்தில் உயிருள்ள கொடிகளாகவே ஆயிரக்கணக்கில் வைத்துப் பராமரிக்கிறது. விதை வங்கி வைக்க முடியாத பயிருக்கு அதுதான் வழி. அந்தத் தோட்டத்துக்கும் மழையும் வாடலும் உண்டு. அதைப் படித்தபிறகு என் பதினேழையும் என் விளையில் மட்டும் வைத்திருப்பது முட்டாள்தனம் என்று பட்டது. 2023 இடவப்பாதியில், பொன்மனையில் நண்பர் ஒருவர் விளையிலும், அருமனையில் என் மச்சான் வீட்டு மேட்டிலும் ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு கொடி வைத்தோம். மச்சான் நாலை ஆட்டுக்குக் கொடுத்துவிட்டார். மறுபடி வைத்தோம், இந்தத் தடவை ஆட்டைக் கட்டிவைத்துவிட்டு.

விவசாயிகளே தங்கள் ரகத்தைப் பதிவு செய்துகொள்ள 2001ஆம் வருஷச் சட்டம் இடம் கொடுக்கிறது, செய் என்று நண்பர் சொல்கிறார். நான் யார் பதிவு செய்ய? கொடி அவர்களுடையது. நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே வீட்டுப்பேரும், யார் நட்டார்கள் என்று அவர்கள் சொன்னதும் இருக்கிறது. அதுவரைக்கும்தான் என் வேலை.

பேர்ச்சீட்டு பற்றி ஒரு வார்த்தை. முதல் வருஷம் பிளாஸ்டிக் பட்டையில் மார்க்கரால் எழுதினேன். மார்க்கர் பெட்டியில் அழியாது என்றுதான் போட்டிருந்தது. ஆறு மாதத்தில் வெயில் அழித்துவிட்டது. 11, 12, 13 வரிசையில் நின்ற பைகளை நின்ற இடத்தை வைத்து ஊகித்து மறுபடி எழுதினேன். இப்போது குளிர்பான டின்னைக் கத்திரியால் பட்டையாக வெட்டி, உள்பக்கத்தில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுகிறேன். எண் தகட்டிலேயே பதிந்துவிடும். ஒன்று பைக்கு வெளியே செம்புக் கம்பியில், ஒன்று மண்ணுக்குள்.

ஆனி, 2024

சித்திரையில் பாட்டி வீட்டில் பலாவை வெட்டிவிட்டார்கள். மகன் வந்து அறை கட்டுகிறாராம். போனில் சொன்னபோது பாட்டிக்குக் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கவலைப்படாதீர்கள், உங்கள் கொடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று சவடாலாகச் சொன்னேன். திருவாதிரை ஞாற்றுவேலையில், அதாவது சூரியன் அந்த நட்சத்திரத்தில் நிற்கிற ஆனி நாட்களில், கொடி நட்டால் கம்பைக் குத்தினாலும் பிடிக்கும் என்பார்கள். அந்தக் கணக்கில் ஆனி இரண்டாம் வாரம் எண் 11 தகடு தொங்குகிற இரண்டு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாட்டி பையை வாங்கித் திண்ணையில் வைத்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். தளிரைத் தொட்டார்.

"இது எங்க கொடி இல்ல மக்களே."

"அதுதான் பாட்டி. இங்கே பாருங்க, நம்பர் போட்டிருக்கு."

"நம்பர் கெடக்கட்டும். எங்க கொடிக்க தளிரு நுனி வெளுத்துக் கெடக்கும். இது செவந்து நிக்குது பாத்தியா? இலைக்க அடியும் எங்களுக்கு ஒரு பக்கம் ஏறித்தான் இருக்கும்."

நோட்டை எடுத்தேன். 2022 ஜூன், எண் 11, என் கையெழுத்தில்: தளிர் நுனி வெளுப்பு, அடி ஒருபக்கம் ஏறியது. நானே எழுதியது. நானே பார்க்கவில்லை. வெயில் மார்க்கரை அழித்த அந்த ஆறு மாதத்தில் 11ம் 12ம் இடம் மாறியிருக்கின்றன. அப்படியானால் பொன்மனையிலும் அருமனையிலும் மாறித்தான் நிற்கிறது. அங்கேயும் போய் ஒவ்வொரு தளிராகப் பார்க்க வேண்டும்.

தப்பான கொடியைத் திரும்ப எடுத்துப் பையில் வைத்தேன். பாட்டி விடவில்லை. வேலி முருக்கின் அடியில் குழி எடுக்கச் சொன்னார். "வந்தது வந்தாச்சு, இதும் நிக்கட்டும். எங்க கொடிய அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டுவா. ரெண்டும் ஒரே மரத்தில நட்டாத்தான் அது காய்க்கும்ணு நீதானே சொன்ன?"

எண் 12 இருபால் பூக் கொடி, மகரந்தம் நிறைய. முருக்கின் மறுபக்கத்தில் இன்னொரு குழியும் எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.